உடுநாச்சி இறங்கிய மாலை

விண்மீன்களை ஏற்றும் தெய்வமான உடுநாச்சி அன்றும் அந்தியில் தன் வேலையைத் தொடங்கினாள். ஆனால் கடலை மூடுபனி மறைத்திருந்ததால் எந்த ஒளியும் கீழே எட்டவில்லை. மீன்பிடிக்கப் போன ஆண்கள் திசை தெரியாமல் பனிக்குள் கத்துவது கரைவரை கேட்டது. அவர்களில் ஒருவனின் மனைவியான கொற்றி, தனியாளாய் ஒரு தோணியைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். “போகாத கொற்றி, நீயும் தொலைஞ்சிருவ,” என்றது மேலிருந்து தெய்வத்தின் குரல். “அப்ப நீ எறங்கி வந்து வெளிச்சம் காட்டு.” “தண்ணியத் தொட்டுட்டா நான் திரும்ப வானத்துக்கு ஏற முடியாது.” “சரி, அங்கயே இரு. எனக்கு நேரமில்ல,” என்ற கொற்றி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அலை தோணியைக் கரைக்கே திருப்பி எறிந்தது. மறுபடியும் தள்ளினாள், மறுபடியும் எறிந்தது. தோள் உரிந்து ரத்தம் கசிந்தும் அவள் விடவில்லை. திடீரென்று தோணி லேசாகி முன்னே நகர்ந்தது. சுற்றிலும் பனி வெளுத்தது. கொற்றி திரும்பிப் பார்த்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒளி வழியும் கைகளால் உடுநாச்சி தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அழுத தடம் இருந்தது. கொற்றி துடுப்பை எடுத்துக்கொண்டாள். “முன்னால ஏறி நில்லு நாச்சி,” என்றாள். “அவங்க கத்துற சத்தம் கொறஞ்சுக்கிட்டே வருது.”