சாவி மேடையில் இருந்தது

"இங்க முடியாதும்மா. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார் டாக்டர். பஸ்ஸில் மயங்கி விழுந்த என் கணவரை யாரோ அங்கே சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்திருந்தார்கள்.

இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வெளியூர் போயிருந்தது. வாசலில் புத்தம்புது ஆம்புலன்ஸ் வண்டி ஒன்று ரிப்பன் கட்டி நின்றது. ஏதோ கம்பெனி ஊழியர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தரும் அன்பளிப்பாம். எந்தக் கம்பெனி என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. டிரைவரிடம் ஓடினேன்.

"நான் ரெடிம்மா. சாவியை விழா மேடையில தட்டுல வெச்சிருக்காங்களே!"

மேடையருகே கம்பெனி டி-ஷர்ட் போட்ட பெண் ஒருத்தி என்னை உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தாள்.

"அஞ்சே நிமிஷம்க்கா. சாவி கொடுக்க வேண்டியவர் வந்துட்டே இருக்கார்."

"உயிர் போற நேரம்மா!"

"ஐயோ, இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று கூட்டத்துக்குள் போனவள் திரும்பவில்லை.

நான் வார்டுக்கே ஓடினேன். அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே மைக் அலறியது.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு நாள் சம்பளம் கேட்டு, கெஞ்சி, திட்டி, இந்த வண்டியை வாங்க வெச்ச நம்ம வெல்டிங் மாமா எங்கப்பா? இன்னிக்குமா லேட்டு? மாமா, சாவி உங்க கையாலதான். ஓடி வாங்க!"

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

அவர் கையைப் பிடித்தபடியே ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். "இங்கதான்யா கிடக்கார், உங்க வெல்டிங் மாமா!"

கைதட்டல் ஓயவேயில்லை.