திருப்பி எடுத்துக்கொண்ட பாடம்

ரெக்ஸியைக் கல்லூரியில் சேர்க்கும்போது, எழுபத்தைந்து மதிப்பெண் எடுத்தால் உதவித்தொகை உண்டு என்று பல்லைக் காட்டிச் சொன்னார்கள். நடு வருடத்தில் நிதி குறைந்துவிட்டதாம், எண்பத்தைந்து ஆக்கிவிட்டார்கள். அவள் எடுத்தது எண்பத்திரண்டு. பணத்தை நிறுத்தியதோடு விட்டார்களா? அந்தப் பணத்தில் அவள் படித்த சைகை மொழியையும் தலையிலிருந்து உருவிக்கொண்டு, வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்கள்.

காது கேளாத தங்கை பிரின்சி ஓடிவந்து, அக்கா சொல்லிக்கொடுத்த மொழியிலேயே கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டாள். கொசு விரட்டுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் ரெக்ஸி.

"அம்மா, இவ என்னம்மா சொல்லுதா?"

அம்மா சகாயமேரி வாசலுக்கு ஓடிவந்தாள். வேனில் வந்த அதிகாரியை மறித்தாள். "காச நிறுத்துனீங்க, சரி. சின்னவளோட பேச்ச எதுக்குய்யா புடுங்குனீங்க?"

"ரூல் மாறிருச்சும்மா. அடுத்த செமஸ்டர்ல மார்க் எடுத்தா திருப்பிக் குடுத்துருவோம்."

பிரின்சி அக்காவின் கைகளைப் பிடித்து உலுக்கினாள். அவை சும்மா தொங்கின. சின்னவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அதிகாரியின் முகத்தில் தூற்றினாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.