காரின் காது

உலகில் எந்த எஞ்சினுக்கும் காது கிடையாது என்பது திருமாலின் வாழ்நாள் கண்டுபிடிப்பு.

அவர் மனைவி சுமித்ரா தினமும் அந்தப் பழைய காரைத் தட்டிக்கொடுத்து, “கெளம்பு ராசா” என்பாள். அதுவும் கிளம்பும். “காருக்கு ராசாவா? அப்பிடியே ஒரு காப்பியும் போட்டுக் குடு!” என்று ஒருநாள் உறவினர்கள் முன்னால் திருமால் சிரித்தார். மறுநாளே அவள் பொம்மிடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனையும் எடுப்பதில்லை.

இன்று நேரில் போய் அழைத்துவரலாம் என்று சாவியைத் திருப்பினார். கார் இருமியது, அணைந்தது.

பக்கத்து வீட்டுக் காளியப்பன் எட்டிப் பார்த்தார்.

“பேட்டரி பாத்தீங்களா?”

“புதுசுங்க.”

“பிளக்கு?”

“இப்பத்தான் தொடச்சேன்.”

“பெட்ரோலு?”

“வருதுங்க.”

“அப்ப உங்க வூட்டம்மா மாதிரி நாலு வார்த்த பேசிப் பாருங்க.”

“படிச்சவன் செய்யற வேலையாங்க அது?”

காளியப்பன் உள்ளே போய்விட்டார். திருமால் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்தார். ரிங் போய்க்கொண்டே இருந்து, நின்றது. இன்றும் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

தெருவின் இருபக்கமும் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைத் தடவினார்.

“நாலு பேரு முன்னால சிரிச்சது தப்புதான் தங்கம். மனசுல வெச்சுக்காத. வா, போலாம்.”

பக்கத்து சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“தங்கம்னு கூப்புட இத்தன வருசமாச்சா உங்களுக்கு?” போனில் சுமித்ரா. “வாங்க, துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த திருமால், “தோ வரேன்” என்று மட்டும் சொல்லிப் போனை அணைத்தார். பிறகு காரைத் தட்டிக்கொடுத்தார்.

“கெளம்பு ராசா.”