ஏற்கெனவே வந்துவிட்டவர்கள்

அவன் மறுபடியும் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தான்.

தெருவில் பனி. பனியில் ஆள் இல்லை.

கலைஞர்கள் தங்கள் வீட்டுக் கதவை ஊருக்குத் திறந்து வைக்கும் ஞாயிறு இது. நோர்வேயின் வடகோடியில் இருக்கும் இந்த மீன்பிடி ஊரில் கலைஞன் என்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து மீன் வெட்டும் வேலைக்கு வந்தவன். மீன் தொழிற்சாலை போய்விட்டது. அவன் போகவில்லை.

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு சூரியனைத் தீட்டினான். அன்றிலிருந்து அந்தச் சுவரடியில் பனி தங்குவதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

தேசிய நாள் ஊர்வலத்தில் மிருதங்கம் வாசித்தான். குளிரில் தோல் இறுகி, அது வயலின் மாதிரிக் கேட்டது. கைதட்டினார்கள்.

தேவாலய நாடகத்துக்கு ஒட்டகம் செய்து கொடுத்தான். யாரோ அதற்கு வைக்கோல் கொண்டுவந்து போட்டார்கள். காலையில் வைக்கோல் குறைந்திருந்தது.

ஏணியோடும் தூரிகையோடும் அவன் நுழையாத வீடு அந்த ஊரில் இல்லை.

அவன் வீட்டுக்குள் இதுவரை யாரும் நுழைந்ததில்லை.

இந்தக் குளிர்காலம் முழுக்க ஊர்ப் பத்திரிகையைக் கிழித்துக் கூழில் ஊறவைத்து, ஊர்க்காரர்களையே ஆளளவில் செய்தான். பழைய துணிக்கடையில் உடுப்பு வாங்கி மாட்டினான். அதாவது, அவரவர் போட்டுக் கழித்த உடுப்பு.

காலி நாற்காலிகளைப் பார்த்தால் வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள். அதனால் பொம்மைகளை உட்காரவைத்தான். நடுவில் ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ்.

முதலில் படகு ஓட்டும் ஓட்வார் வந்தார்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே ஓட்வார் உட்கார்ந்திருந்தார்.

தான் ஏற்கெனவே வந்துவிட்டதில் திருப்தியோடு தலையாட்டிவிட்டு, திரும்பிப் போனார்.

பேக்கரிக்காரரும் மனைவியும் வந்தார்கள். உள்ளே பேக்கரிக்காரரும் மனைவியும் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

பனியில் காலடிகள் ஜன்னல்வரை வந்தன. ஜன்னலிலிருந்து திரும்பின.

கைப்பேசி அடித்தது. ஒஸ்லோவிலிருந்து நண்பன் அருள்நேசன்.

"என்ன மச்சான், சனம் வந்ததோ?"

"வீடு நிறைஞ்சுபோய்க் கிடக்கு."

"ரோல்ஸ் முடிஞ்சுதோ?"

"ஒருத்தரும் கை வைக்கேல்லை. வெக்கப்படுகினம் போல."

கைப்பேசியை வைத்துவிட்டான்.

ஆசிரியை இங்கெபோர்க் வேலிப் படலையைத் திறப்பது தெரிந்தது. ஜன்னல்வரை வரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. செருப்பைக் கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினான்.

அதற்குள் அவர் பார்த்துவிட்டிருந்தார்.

"உள்ளே வாருங்கள்" என்றான்.

"அதோ, உள்ளேதானே இருக்கிறேன்" என்றார் இங்கெபோர்க். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. "முதுகை மட்டும் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கலாம்."

அந்த ஊரில் அவன் வேலையைப் பற்றி யாராவது சொன்ன முதல் விமர்சனம் அது.

அவன் நன்றி சொன்னான். அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனார். நடந்துபோகிற அவர் முதுகு உண்மையிலேயே நிமிர்ந்துதான் இருந்தது.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான். எல்லோரும் இருந்தார்கள். உட்கார இடம் இல்லை. அவனுக்கும்.

இங்கெபோர்க்கை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். குளிர்காலம் முழுக்கச் செய்த ஆள், ஒரு பூனையின் கனம்கூட இல்லை. பின்னறைக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்து வைத்தான்.

காலியான நாற்காலியை ஜன்னலுக்கு நேரே இழுத்துப் போட்டான். தெருவிலிருந்து நன்றாகத் தெரியும்படி.

கதவை அகலத் திறந்து வைத்தான்.

பனி உள்ளே வந்தது. அந்த வீட்டுக்கு முதலில் வந்தது அதுதான்.

மறுபடியும் கைப்பேசி.

"இன்னும் நிக்கினமோ மச்சான்?"

"நிக்கினம். ஓராள் மட்டும் குறையுது."

"ஏன், போயிட்டாரோ?"

அவன் நாற்காலியின் மேல் விழுந்திருந்த பனியைக் கையால் தட்டிவிட்டான்.

"இல்லை. இனித்தான் வரோணும்."