கொளஞ்சியப்பனின் டைமிங் செயின்

நெய்வேலி மெயின் பஜாரில் சாவியோடு நின்ற பழைய பைக்கைக் கொளஞ்சியப்பன் கிளப்பினான். அது இப்படி ஊரையே கூட்டும் என்று தெரிந்திருந்தால் கையே வைத்திருக்க மாட்டான்.

கிளம்பிய உடனே இன்ஜினுக்குள் கறகறவென்று ஒரு சத்தம். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கிய மாதிரி.

வேறு ஊராக இருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இது நெய்வேலி. சுரங்கத்தில் கன்வேயர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிறவர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப். உடம்பு சரியில்லாத இயந்திரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவர்களால் முடியாது.

முதல் ரவுண்டானாவில் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் கை காட்டி நிறுத்தினார். கொளஞ்சியப்பனுக்கு உயிரே போய்விட்டது.

"தம்பி, இன்ஜின் உள்ள ஓடற டைமிங் செயின் போயிருக்கு. இப்படியே ஓட்டாதீங்க."

அடுத்த பிளாக்கில் ரிடையர்டு ஃபோர்மேன் ஒருவர் மறித்தார். "வால்வு டாப்பெட்டா இருக்கும்ப்பா. ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு, கேக்கறேன்." பஸ் ஸ்டாப்பில் காய்கறிப் பையோடு நின்ற அம்மாவும் விடவில்லை. "ஆக்சிலேட்டர முறுக்கறப்ப வருதா, விடறப்ப வருதா?" அவருக்கு மைன்ஸில் மெக்கானிக்கல் பிரிவில் வேலையாம்.

திருட்டு வண்டியில் போகிறவனை இத்தனை பேர் முகம் பார்த்துப் பேசினால் என்ன ஆவது? அவன் ஜெயிலிலிருந்து வந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. "இன்னொரு தபா ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சுன்னா, புள்ளைய தூக்கிகினு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவன். திரும்பி வர மாட்டன்" என்று மனைவி அம்சவல்லி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவளும் குழந்தையும் இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

குள்ளஞ்சாவடி வரை போய்விட்டால் போதும். வண்டியை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஆள் காத்திருந்தான். ஆனால் இந்தச் சத்தத்தோடு அத்தனை தூரம் போவது, தவில் அடித்துக்கொண்டே திருடப் போவதற்குச் சமம். வழியில் வடக்குத்து என்ற ஊரில் முதலில் கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டான்.

மெக்கானிக் தனகோட்டி வண்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைத் தேடிப் போனார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர்தான் எழுந்து வந்தார். ஒட்ட வெட்டிய முடி, முறுக்கு மீசை, பிரவுன் ஷூ.

மஃப்டி போலீஸ்! ஓடிவிடலாமா என்று கொளஞ்சியப்பன் வாசலைப் பார்த்தான்.

"வண்டி உங்களுதா?" என்றார் ஷூக்காரர்.

"ஆமா சார். மாமனாரு குடுத்தது."

"அப்ப நல்லா பாத்துக்கணும் இல்ல?"

தனகோட்டி இன்ஜினை ஓடவிட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"டாப்பெட்டுன்னா டிக்டிக்னு சன்னமா கேக்கும். இது செயின் போற பக்கமா கறகறன்னு உராசிகினு இருக்கு. டென்ஷனரு கடைசி வரைக்கும் வந்துருச்சு, இதுக்கு மேல டைட் பண்ண எடமில்ல. செயின் நீண்டு போச்சுங்க."

"ஏதோ பண்ணி, சத்தம் வராம வுட்டுருங்கண்ணே. போதும்."

ஷூக்காரர் குறுக்கே வந்தார். "என்னங்க பேசறீங்க? செயின் தாவுனா வால்வு போயி பிஸ்டன்ல இடிக்கும். சொந்த வண்டிக்கு யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

சொந்த வண்டி என்பதை அவர் அழுத்திச் சொன்னது போல இருந்தது.

"மாத்திருங்கண்ணே!" என்றான் கொளஞ்சியப்பன் அவசரமாக.

"செயின் சுத்தற ஸ்ப்ராக்கெட்டும் பல்லு தேஞ்சிருக்கு."

"அதையும் மாத்துங்க."

"செயின் கைடு?"

"கேக்கவே வேணாம்ணே!"

ஒவ்வொரு பதிலுக்கும் ஷூக்காரரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் தலையாட்டத் தலையாட்ட இவனுக்குத் தைரியம் வந்தது. ஆயில் மாற்றச் சொன்னான். யாரும் கேட்காமலே புது ஸ்பார்க் பிளக் போடச் சொன்னான். தோளில் கிடந்த துண்டை எடுத்து டேங்க்கைத் துடைத்து, "எங்க வூட்டுப் புள்ள மாதிரி சார் இது" என்று தடவிக் கொடுத்தான். நடிக்கத்தான் ஆரம்பித்தான், ஆனால் நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

வேலை முடிந்தது. பர்ஸில் இருந்தது போதாமல் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தான். தனகோட்டி கிக்கரை உதைத்ததும் இன்ஜின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா?" என்றார் ஷூக்காரர். போலீஸ் கேட்டால் மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

போய்விட்டுத் திரும்பி வந்தவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"சத்தமே இல்ல. அப்ப நான் கிளம்பறேன். சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

கொளஞ்சியப்பன் தடாலென்று அவர் காலில் விழுந்தான். "சார், ஸ்டேஷனுக்கு மட்டும் வேணாம் சார்! புத்தி கெட்டுப்போயி எடுத்துகினு வந்துட்டன். தெரிஞ்சா பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிருவா சார்!"

"ஐயய்யோ, எந்திரிங்க!" அவர் பதறிப்போய் அவனைத் தூக்கி நிறுத்தினார். "நான் போலீஸ் இல்லீங்க, இந்த வண்டிக்குச் சொந்தக்காரன். உங்களை எல்லாம் நான் பிடிச்சுக் குடுப்பேனா? இந்த வண்டிய எடுக்கறவங்க எல்லாரும் ரிப்பேருக்கு முதல்ல இந்தக் கடைக்குத்தான் வருவாங்க. போன தடவை எடுத்துட்டு வந்தவரு கிளட்ச் பிளேட் மாத்துனாரு, அதுக்கு முன்னாடி வந்தவரு ரெண்டு டயரும் போட்டுக் குடுத்தாரு."

கியரைப் போட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே ஷாக் அப்சார்பர் மட்டும்தான் பாக்கி, திங்கட்கிழமை மறுபடி வெளிய நிறுத்தறேன்... உங்க தொழில்ல கை சுத்தமான ஆளு யாராவது இருந்தா சொல்லி அனுப்புங்க!"