மாட்டுக்கு எதுக்கு ஜன்னல்?

"மாட்டுக்கு எதுக்குய்யா ஜன்னல்? காத்து வாங்கிக்கிட்டுப் பேப்பர் படிக்கப் போவுதா?"

எஸ்டேட் சூப்பர்வைசர் பாண்டியராஜ் கேட்டதும், மாட்டுக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்த பாலு மண்வெட்டியோடு நிமிர்ந்தான்.

"வெளிச்சத்துக்குங்க ஐயா..."

"அடைச்சிரு. தரை என்ன இப்பிடிச் சமமா இருக்கு? மூத்திரம் எங்க ஓடும்? பள்ளத்துப் பக்கம் சரிவு எடு. வாய்க்கால் வெட்டு. தண்ணித் தொட்டி கட்டு. நாளைக்கு வந்து பாப்பேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

பாலு மண்வெட்டியைத் தூக்கி எறிந்தான். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? மாட்டுக் கொட்டகை என்பது பேருக்குத்தான். உள்ளபடி அது மகள் இந்துமதிக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போக, கைக்குழந்தையோடு வந்து நிற்கிறாள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருப்பதே ஒரே அறை. அதில் ஆறு பேர், அடுப்பு வேறு. புகையில் பச்சைப் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது.

எஸ்டேட்டில் மனுஷனுக்கு வீட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கக்கூட அனுமதி கிடையாது. மாட்டுக்கென்றால் உண்டு, சாணி தேயிலைக்கு ஆகுமே! போன மாசம்தான் கருப்பம்மா வீட்டுச் சாய்ப்பை மேனேஜர் துரை ஆள் விட்டு இடித்துத் தள்ளினார். தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து நாலு மாசமாகச் சம்பளமும் இல்லை. வெளியில் வீடு பார்க்க எங்கே போக?

நல்லவேளை, கிழட்டு மாடு ஒன்று கையில் இருந்தது.

மறுநாளும் வந்து நின்றார் பாண்டியராஜ்.

"கட்டுத்தறி எங்க? மாட்டை உன் இடுப்புலயா கட்டுவ? கதவுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்? கழட்டு. மேல்பக்கம் முழங்கால் உசரத்துக்கு மேடை போடு, தீவனம் நனையாது. மண்ணு வெட்டின பக்கம் கல்லுக்கட்டு வை. மழைக்குச் சரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"ஏனுங்கய்யா, ஒத்தை மாட்டுக்கு இத்தனையா?" என்றாள் பாலுவின் மனைவி சின்னம்மை.

"ஒத்தை மாடுன்னா மூத்திரம் பேயாதா?"

நாக்கா அது, தேள் கொடுக்கு!

எட்டு நாள். ஓடையிலிருந்து கல் சுமந்து சுமந்து பாலுவுக்குத் தோள் கன்றிப் போனது. எட்டு நாளும் குழந்தை புகையில்தான் கிடந்தது. எட்டாம் நாள் உதடு நீலம் பாரித்து, தூக்கிக்கொண்டு கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்தது மறுபிழைப்பு.

"அந்தப் பாவிதாங்க எம்புள்ளையக் கொல்லப் பாத்தான்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் இந்துமதி.

அன்றைக்கே பாலு துரைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டான். கொட்டகை கட்டுகிற ஏழைகளை சூப்பர்வைசர் இழுத்தடிக்கிறார் என்று எழுதினான். அப்படியும் மனசு ஆறவில்லை. லஞ்சம் கேட்கிறார் என்று ஒரு பொய்யையும் சேர்த்தான்.

நாலாம் நாள் பாண்டியராஜையும் ஏற்றிக்கொண்டு துரையின் ஜீப் வந்தது. துரை குனிந்து கொட்டகைக்குள் நுழைந்தார். தரைச் சரிவைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். தொட்டியில் வாய் வைத்திருந்த மாட்டைப் பார்த்தார். பாலுவுக்கு உயிர் கையில் இல்லை.

"அசல் மாட்டுக் கொட்டகை! இதுல என்னய்யா குறை கண்டே? எவ்வளவு கேட்டே?" என்று பாண்டியராஜைப் பார்த்துக் கத்தினார்.

பாண்டியராஜ் வாயே திறக்கவில்லை.

ஆள் குறைக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த துரைக்கு அந்தக் கடுதாசி போதாதா? பாண்டியராஜின் பதினெட்டு வருஷ வேலை, நின்ற நிலையில் போனது.

"ஒழிஞ்சான்!" என்று நெட்டி முறித்தாள் சின்னம்மை. பாலுவுக்கும் நெஞ்சு குளிர்ந்தது. அன்று சாயங்காலமே இந்துமதி குழந்தையோடு மேடையில் பாய் விரித்தாள்.

மறுநாள் காலையில், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தலையில் டிரங்குப் பெட்டியும் பின்னால் மனைவி மக்களுமாக அந்த வழியே வந்தார் பாண்டியராஜ். கொட்டகைக்கு முன்னால் நின்றார்.

திட்டப் போகிறார் என்று பாலு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பாண்டியராஜ் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பகல்ல மட்டும் பாப்பாவை அழ விடாதீங்க பாலு. புதுசா வர்றவன் காதுல விழுந்தா விட மாட்டான்."