எதிர்க்கடை

“மாத்திரை கிடையாது. போய்ட்டு வாங்க.”

மருந்துக்கடை மிலாக்ரோஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னாள்.

“பின்னாடி டப்பா டப்பாவா அடுக்கியிருக்கே?” என்றார் கசியானோ.

“இருக்கு. உங்களுக்குக் கிடையாது.”

காலிபோ ஊர்ச் சந்தைத் தெருவில் முப்பது வருஷமாகச் சவாரி ஏற்றி டிரைசைக்கிள் ஓட்டுகிறவர் கசியானோ. வயது அறுபத்தொன்று. ஒரு வாரமாக வலது முழங்கால் மடங்க மறுத்தது. சனிக்கிழமை மகள் ஜோவெலினுக்குக் கல்யாணம். விருந்தில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும். அதற்காகத்தான் பத்து மெஃபெனமிக் கேட்டு வந்திருந்தார்.

“வலி மாத்திரைதானேம்மா கேட்டேன்? வெஷமா கேட்டேன்?”

“பிரஷருக்கு லோசார்டன் சாப்பிடறீங்க. மாசாமாசம் நான்தானே தர்றேன். வலி மாத்திரை எத்தனை நாளா முழுங்கறீங்க?”

“ஸ்டாண்டுப் பக்கம் பெட்டிக்கடையில வாங்கி... ஒரு வாரமா. நாளைக்கு மூணு.”

“காலைக் காட்டுங்க. ஐயோ, வீங்கிப்போய் செருப்பு வார் எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க! மூத்திரம் ஒழுங்காப் போகுதா?”

வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

“பதில் சொல்லு பெருசு!” என்றான் பின்னால் நின்ற ஒருத்தன்.

கசியானோவுக்குக் காது வரை சூடேறியது. “ஊரைக் கூட்டி வெச்சுக்கிட்டு இதையா கேப்பே?”

“பின்ன என்ன, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயா கேக்கணும்? அந்த மாத்திரை பிரஷர் மாத்திரையை வேலை செய்ய விடாது. ரெண்டும் சேர்ந்தா கிட்னிக்கும் ஆகாது. நேரா ஹெல்த் சென்டருக்குப் போங்க. அடுத்தது யாரு?”

“இந்த வாயாலதான் நெனிதா உன்னை விட்டுட்டுப் போனா!”

அடுத்தவரின் சீட்டை வாங்கப் போன மிலாக்ரோஸின் கை அப்படியே நின்றது.

அவளும் நெனிதாவும் ஒரு காலத்தில் கூட்டாகக் கடை நடத்தியவர்கள். பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்த சண்டை, நெனிதா நேர் எதிரே தனிக்கடை போடுவதில் போய் முடிந்தது. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அடைமழையில்கூட ஒருத்தி வாசலில் இன்னொருத்தி ஒதுங்கியதில்லை.

“அவகிட்டயே வாங்கிக்கறேன். நீ பாத்துட்டே இரு!”

சந்தை நாள். வண்டிகள் வழி விட்டபாடில்லை. முழங்காலை இழுத்துக்கொண்டு அவர் தெருவைத் தாண்டுவதற்குள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நெனிதா வாசலுக்கே வந்து கையைப் பிடித்தாள்.

“வாங்கண்ணே. உக்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க.”

இதல்லவா மரியாதை! எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். “மெஃபெனமிக் பத்து குடும்மா!”

“இருங்கண்ணே. கையைக் கொஞ்சம் நீட்டுங்க.”

பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். நூற்றெண்பத்தெட்டுக்கு நூற்றுப்பத்து. சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். அதேதான்.

“காலைல பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

“ஒரு நாள் தவறினதில்லையே!”

“போட்டும் இவ்வளவு ஏறியிருக்குன்னா, அந்த வலி மாத்திரை பண்ற வேலையாத்தான் இருக்கும்ணே.” அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். “ஜோவெலினோட ஒரு நாள் ஆடினாப் போதுமா? அவ புள்ளையோடயும் ஆட வேணாமா?”

கசியானோ குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த வீக்கம் அவர் கண்ணில் பட்டது.

நெனிதா கடையைப் பாதி சாத்திவிட்டு அவரைத் தானே அழைத்துப் போனாள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக, இன்னொருத்தர் ஓட்ட, அவர் டிரைசைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார்.

ஹெல்த் சென்டரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். “கிட்னி கொஞ்சம் அடிவாங்கியிருக்கு. சரியாயிடும். இன்னும் ஒரு வாரம் இப்படியே முழுங்கியிருந்தீங்கன்னா வேற கதை” என்றார் டாக்டர். மெஃபெனமிக்கை அடியோடு நிறுத்தினார். முழங்காலுக்குத் தைலமும், அவருக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மாத்திரையும் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்தது. பிரஷரும் இறங்கியது.

சனிக்கிழமை கசியானோ ஆடினார். முழங்கால் வலிக்கத்தான் செய்தது. பாதிப் பாட்டுக்கு மேல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அசைந்தார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் காலை, ஓலையில் சுற்றி அவித்த இபோஸ் அரிசிப் பலகாரம் ஒரு கூடை எடுத்துக்கொண்டு நெனிதாவிடம் வந்தார்.

“நீ தெய்வம்மா! அந்தத் திமிர் புடிச்சவ நாயை வெரட்டற மாதிரி வெரட்டினா. நீ எவ்வளவு தன்மையா எடுத்துச் சொன்னே!”

நெனிதா கூடையைத் தொடவில்லை.

“இதை எதிர்ல கொண்டுபோய்க் குடுங்கண்ணே.”

“அவளுக்கா? எதுக்கு?”

“நீங்க பிரஷர் மாத்திரை சாப்பிடறது எனக்கெப்படித் தெரியும்? நானா இருந்தா, கேட்டவுடனே பத்தையும் எண்ணிக் குடுத்திருப்பேன். நீங்க ரோட்டைத் தாண்டறதுக்குள்ள அவ மூணு தடவை போன் பண்ணா. பேரைப் பாத்துட்டு நான் எடுக்கல. நாலாவது தடவைதான் எடுத்தேன்.”

“என்ன சொன்னா?”

“‘வெச்சிடாதே நெனிதா. கசியானோ அண்ணன் அங்கதான் வர்றார். பிரஷர்க்காரர், ஒரு வாரமா வலி மாத்திரை முழுங்கறார், அதை மட்டும் குடுத்துடாதே. நான் கத்தினேன், அவர் கேக்கல. நீ தன்மையாச் சொல்லு. உனக்குத்தான் அது வரும்’னு சொன்னாண்ணே.”